தூங்குகிற பிள்ளைக்குக் கட்டம் இல்லை

தொண்டு நிறுவனத்தில் பால்வாடி பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவது சுலபம். அதை மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்பதுதான் பெரும்பாடு.

வாசல் போர்டு

ஏர்வாடிப் பக்கம் நான் பிள்ளை பார்க்கிற எங்கள் மையத்துக்கு விடியுமுன்னே பிள்ளைகள் வந்துவிடும். கடல் வற்றுகிற நேரம் பார்த்துத் தாய்மார் கடல்பாசி எடுக்கப் போக வேண்டுமே! வந்த பிள்ளைகள் தூளியில் தூங்கும். ஆனால் வாசல் போர்டில் ‘குழந்தைக் கல்வி மையம்’ என்று இருந்தது. அறிக்கையிலும் பாட்டு, எழுத்து, எண் என்றுதான் கட்டங்கள். மேனேஜர் செல்வம் சார் தங்கமான மனுஷன். கட்டம் காலியாகப் போனால் பணம் கொடுக்கிறவர்கள் மையத்தையே மூடிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். “இனி ஒன்பது மணிக்குத்தான் திறக்கணும்மா” என்றார்.

பாசி எடுக்கிற காளியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“கடலுக்கும் ஒம்பது மணின்னு சொல்லிட்டாராக்கா ஒங்க சாரு?”

கைமாறிய பிள்ளை

புது நேரம் தொடங்கிய அன்று, யாரும் முன்னதாகத் திறந்துவிடாமல் பார்க்க, சாரே விடியலில் வந்து பூட்டிய கதவு முன்னால் நின்றார். நான் ராமநாதசாமியை வேண்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். காளியம்மாள் ஓடி வந்தாள். “செத்த நேரம் பிடிங்க சார், தண்ணி ஏறிரும்!” இடுப்புப் பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடியே போனாள்.

பிள்ளை அவர் தோளில் சாய்ந்து, இஸ்திரிச் சட்டையெல்லாம் எச்சில் வடித்துத் தூங்கிப்போனது. மனுஷன் அசையவில்லை. கடைசியில் கிசுகிசுத்தார்:

“கதவைத் திறங்கம்மா... சத்தம் போடாம.”

பார்வையிட வந்த மேடம்

பழையபடி விடியலிலேயே திறந்துகொண்டிருந்தோம். ஒருநாள் அந்நேரத்துக்கே பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். முன்பென்றால் தூளியை அவிழ்த்து ஒளித்து, பிள்ளைகளைத் தட்டியெழுப்பிப் பாட வைத்திருப்போம். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்தவர்கள்தான்! இந்தமுறை சார், “ஒரு தூளியும் அவிழக் கூடாது” என்றுவிட்டார்.

“எல்லாம் தூங்குதே, என்ன சாதிச்சிருக்கீங்க?” என்றார் மேடம். சார் அவரைக் கரைக்குக் கூட்டிப்போனார். இடுப்பளவுத் தண்ணீரில் தாய்மார் குனிந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். “முந்தி பிள்ளைகளை இந்த மணல்ல கிடத்திட்டு, நிமிஷத்துக்கொரு தரம் திரும்பிப் பாப்பாங்க மேடம். இப்ப யாராவது பாக்குறாங்களா?”

மேடம் வெகுநேரம் அவர்களையே பார்த்தார். ஒரு தலைகூடக் கரைப்பக்கம் திரும்பவில்லை. “இதுக்கு அறிக்கையில கட்டம் இல்லையே” என்றார்.

“ஒண்ணு போட்டுக் குடுங்க மேடம்!”

தூங்குகிற பிள்ளைக்கென்றே ஒரு கட்டம் போட்டும் கொடுத்தார்கள். விடியலில் திறக்க அனுமதியும் எழுத்தில் வந்தது. மையமே கைதட்டியது. காளியம்மாள் மட்டும் சாரை விடவில்லை:

“அன்னைக்கு நீங்க பிள்ளை தூக்குனதையும் அந்தக் கட்டத்துல எழுதியாச்சா சார்?”

இப்போது ஒரே கஷ்டம், விடியலில் ஒரு பிள்ளை விழித்து விளையாடினால், “இவன் ஏம்மா தூங்கல?” என்று சாருக்குக் கவலை வந்துவிடுகிறது.