மாமாவின் காலுக்குக் கட்டிய வெள்ளி

போன வருடம், திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்திருந்த சமயம். தேனியில் ஒரு மருத்துவமனை வார்டில் என் தாய்மாமாவின் காலுக்குச் செவிலியர் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய துணி ஒன்றைக் கத்தரித்து, நனைத்து, புண்ணின் மேல் வைத்தார். "என்னக்கா இது?" என்றேன்.

"வெள்ளிப்பா. கண்ணுக்குத் தெரியாத துகளா இதுல படிய வச்சிருக்காக. கிருமிய வளர விடாது."

அந்த நொடியில்தான் எனக்குப் பளிச்சென்றது. அட, இதைத்தானே நான் கல்லூரியில் குடுவையில் செய்துகொண்டிருக்கிறேன்!

நான் முதுகலை உயிரித்தொழில்நுட்ப மாணவன். வெள்ளி உப்புக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால், தண்ணீர் போல இருப்பது மெல்லப் பழுப்பாகும். வெள்ளி நுண்துகளாக, அதாவது நானோ துகளாக, மாறிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு சொட்டைப் பாக்டீரியா வளரும் தட்டில் விட்டால், சுற்றிலும் எதுவும் முளைக்காது. முதல் முறை அதைப் பார்த்தபோது ஆய்வகத்திலேயே குதித்தவன் நான்.

மாமா கட்டிலில் இருந்தபடி, "வெள்ளியா? அப்ப காலுக்குக் கொலுசு போட்டாச்சுன்னு சொல்லு" என்றார்.

"எனக்கு ஒரு கொலுசு வாங்கித் தர ஆளக் காணோம். இவுக காலுக்கு வெள்ளி கேக்குது" என்றார் அத்தை. வார்டே சிரித்தது. ஆனால் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை.

மாமாவுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருந்தது. கவாத்தின்போது பந்தல் கம்பித் துண்டு ஒன்று காலில் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் குனிந்திருக்கிறார். வெட்டிய கொடியின் வெட்டுவாயில் பூஞ்சாணம் ஏறாமலிருக்க, மயில்துத்தம் என்ற நீல உப்பும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். கையிலிருந்த அந்தப் பசையையே காலிலும் அப்பிவிட்டார். தினமும் அப்பினார். எரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார், மரத்த காலுக்கு எரிச்சல் ஏது? நீலப் பசைக்கு அடியில் விரல் கறுத்துக்கொண்டு வந்தது யார் கண்ணிலும் படவில்லை. அத்தைக்கு நாற்றம் தட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். மிச்சப் பாதம் ஆறினால் கால் தப்பும், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? மாமா தோட்டத்தில் புதிதாகத் துளிர்த்த இலைகளையே பறித்துப்போய்ச் சாறு எடுத்து, வெள்ளிக் கரைசல் தயாரித்து, ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்தேன். பழைய கட்டைப் பிரித்துவிட்டுச் செவிலியர் ஏதோ எடுக்க உள்ளே போன நேரம். புட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"ஊத்து மாப்ளே. ஒம் படிப்புக்கு மொத நோயாளி நாந்தான்" என்றார் மாமா.

அத்தை என்னையும் புட்டியையும் பார்த்தார். "அவுக கொடிக்குப் பூசுறத எடுத்துப் பூசுனாக. நீ கொடியிலருந்து பிழிஞ்சத ஊத்தப் போறியாக்கும்? நல்லாருக்குடா ஒங்க ரெண்டு பேரு வைத்தியமும்!"

மூடியைத் திருகிய கை அப்படியே நின்றுவிட்டது. பசை கொடியைக் காப்பாற்றும் என்று மாமாவுக்குத் தெரியும். கரைசல் தட்டில் கிருமியைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். உயிருள்ள சதையை அது என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியாதே! புட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு டாக்டரிடம் கேட்டபோது, வெள்ளியின் அளவு மிஞ்சினால் புண்ணை மூட வருகிற புதுச் செல்களும் சேர்ந்து சாகும் என்றார்.

மருத்துவமனையின் வெள்ளிக் கட்டு தன் வேலையைச் செய்தது. சீழ் குறைந்தது, நாற்றம் நின்றது, ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதைகூட எட்டிப் பார்த்தது. அன்று அத்தை வார்டு முழுக்கப் பழம் கொடுத்தார். ஆனால் காலுக்கு இறங்கும் ரத்தக் குழாய் அடைத்துப் போயிருந்தது. அதைத் திறக்கச் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ரத்தமே வராத இடத்தில் வெள்ளி என்ன செய்யும்? அந்தச் சிவப்பு வெளுத்தது, பிறகு கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் மாமா போர்வையைத் தடவிப் பார்த்தார். "கவாத்துன்னுதான் நெனச்சேன். தூரோட வெட்டிட்டாகளே மாப்ளே" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நான் செய்துகொண்டிருந்த ஆய்வை மாற்றிக்கொள்ளப் பேராசிரியர் சம்மதித்திருக்கிறார். அடுத்த மாதம் முதல், பாக்டீரியா தட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தட்டில் மனிதத் தோல் செல்களையும் வளர்க்கப் போகிறோம். மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, கிருமி சாகிற அளவில் செல் பிழைத்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம். செல்தான் முதலில் செத்தது என்றால், அதையும் அப்படியே சொல்லிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆறாத புண்ணோடு காத்திருக்கும் கால்கள் எங்கள் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு என்பதால் என் அவசரம் குறையவே இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட என் முதல் சோதனைத் தட்டாக்கும் உரிமை எனக்கில்லை என்பதை அந்த வார்டு எனக்குள் அழியாமல் எழுதிவிட்டது.