பச்சமுத்துவுக்குப் போர்த்திய சால்வை

காசியம்மாள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "குடிய வுடறவங்க கூட்டம் போடறாங்களாமே, எங்கன்னு போன்ல பாத்துச் சொல்லு மணி" என்றபோது, நானும் எல்லோரையும் போலத்தான் கேட்டேன். "அண்ணனுக்கா அக்கா?"

"எனக்குத்தாண்டி" என்று முறைத்தாள்.

தியாகதுருகத்தில் அவள் புருஷன் பச்சமுத்துவைக் குடிகாரன் என்று சொல்லாதவர் கிடையாது. வாரத்தில் நாலு நாள் சரக்குக் கடை வரிசையில் நின்று பாட்டில் வாங்கிப் போகிறவரை வேறு என்னவென்று சொல்வது? அந்த மனுஷன் ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெண்டாட்டி அந்த வரிசையில் நின்றால் மானம் போய்விடும் என்று, பதினோரு வருஷமாக அவளுக்குப் பதில் அவர் நின்றிருக்கிறார்.

கரும்பு வெட்டப் போன இடத்தில் தொற்றிய பழக்கம். சாயங்காலமானால் உடம்பு வலிக்கு என்று மேஸ்திரி ஊற்றித் தருவார். ஆண்கள் வரப்பில் உட்கார்ந்து குடிப்பார்கள். பெண்கள் டிராக்டருக்குப் பின்னால் போய், டீ குடிக்கிற டம்ளரிலேயே குடித்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண்கள் குடிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஊரே சத்தியம் பண்ணி இல்லை என்னும்.

இப்போது அவளுக்கு ஈரல் வீங்கியிருக்கிறது. இனிமேல் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு நாளாகத் தொடவில்லை. ஆனால் அடுத்த வாரம் கரும்பு வெட்டு தொடங்குகிறது.

"ரெண்டு தபா நிறுத்திட்டு, வெட்டுலதான் திரும்ப ஆரம்பிச்சேன் மணி. இந்தத் தபா வாங்கினா செத்துடுவன்."

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு நம்பர் கிடைத்தது. போனை எடுத்தவர், "உங்க வூட்டுக்காரர இட்டுக்கினு வாங்கம்மா" என்றார். குடிப்பது நான்தான் என்று காசியம்மாள் சொன்னதும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். இன்னொருவர், "லேடீஸ்னா சென்னைக்குத்தான் போவணும்" என்றார். கரும்பு வெட்டுகிறவள் வாராவாரம் சென்னைக்குப் போவாளாம்! மூன்றாவது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பச்சமுத்துவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம்.

கூட்டத்தை நடத்தும் ஆதிமூலம் வாசலிலேயே பச்சமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களைப் பார்த்து, "குடும்பத்தாருக்குப் பக்கத்து ரூம்" என்றார்.

"குடிக்கிறது நானுங்க" என்றாள் காசியம்மாள்.

அவர் இரக்கத்தோடு சிரித்தார். "வீட்டுக்காரர் மேல பழி வரக்கூடாதுன்னு பாக்கறீங்க. உங்கள மாதிரி நிறைய பேர பாத்துட்டேன். போங்கம்மா."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது. காசியம்மாள் என் கையை இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். குடித்துவிட்டு வரும் புருஷனிடம் எப்படிப் பக்குவமாகப் பேசுவது என்று அங்கே ஆறு பெண்களுக்கு ஒரு அம்மா பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு அறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் பச்சமுத்துவின் குரல் கேட்டது.

"என் பேரு பச்சமுத்து. குடிச்சிக்கினு இருந்தேன். வுட்டு நாப்பத்தோரு நாளாச்சு."

கைதட்டல் அதிர்ந்தது. நாற்பது நாளைத் தாண்டியவருக்குச் சால்வை போர்த்துவது அங்கே வழக்கமாம். காசியம்மாள் விருட்டென்று எழுந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரோஜா நிறச் சால்வைக்குள் பச்சமுத்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "குடிக்காதவன உள்ள வுட மாட்டாங்கன்னு நெனச்சேன் புள்ள" என்று முனகினார். "இன்னா பேசறாங்கன்னு கேட்டுக்கினு வந்து உனுக்குச் சொல்லலாம்னுதான்."

அவள் சால்வையை உருவினாள்.

"பாட்டில நீ வாங்கியாந்த. குடிகாரன்ற பேரயும் நீ வாங்கிக்கின. நிறுத்தனதாவது என்னுதா இருக்கட்டும்யா! கை நடுங்கிக்கினு, சோறு எறங்காம கெடந்தது நீயா, நானா?"

"அம்மா, இது ஆம்பளைங்க பேசற எடம்..." என்று ஆதிமூலம் எழுந்தார். அவள் காதில் வாங்காமல் நடுவில் கிடந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் பேரு காசியம்மாள். குடிக்கிறவ. நாப்பத்தோரு நாளா தொடல."

ஒருவரும் கை தட்டவில்லை.

"அடுத்த வாரம் மேஸ்திரி டம்ளர நீட்டுவாரு. எப்பிடி வேணாம்னு சொல்றது? யாருக்குனா தெரியுமா?"

அங்கே இருபது ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். இவர்களைத் தேடியா பஸ் ஏறி வந்தோம் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது எங்களுக்குப் பின்னால் கதவோரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கரியாலூரிலிருந்து புருஷனுக்காக மலையிறங்கி வந்ததாகப் பக்கத்து அறையில் சொல்லிக்கொண்டிருந்த மலர்விழி.

"வாய்ல சொன்னா வுட மாட்டாங்கக்கா. வாங்கி, அவரு எதிர்லயே கீழ ஊத்திடு. எனக்கு நீட்டறத நான் அப்பிடித்தான் ஊத்தறேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காசியம்மாள் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க வந்து குந்துடி" என்றாள்.