பிரீஃபிங்கும் வேலை நேரம்தான்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கூட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை வந்தபோது, யூனியன் குழுவில் நம் சார்பாக ஒருத்தி இருக்கட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

நான் கொண்டுபோனது ஒரே கோரிக்கை. ஷிப்ட் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே எங்களை வரிசையில் நிற்கவைத்து சூப்பர்வைசர் பிரீஃபிங் கொடுப்பார். அன்றைய டார்கெட், நேற்று நடந்த தவறு, யார் தலைமுடி வலையை ஒழுங்காகப் போடவில்லை, எல்லாம் அப்போதுதான். அது முடிந்த பிறகே வருகையைப் பதியும் விரல்ரேகை இயந்திரத்தில் தம்ப் வைக்க விடுவார்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதையும் வேலை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஷிப்ட் நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம் கொடுங்கள் என்றுதான் கேட்டோம்.

பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் யூனியன் அலுவலகத்தில் கூடினோம். செயலாளர் அனுபவசாலி. போனஸை உயர்த்திக் கேட்க வேண்டுமானால் வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

"அக்கா, உங்க பிரீஃபிங் விஷயத்த இந்தத் தடவ விட்டுடலாம்லா. அடுத்த அக்ரிமெண்ட்ல பாத்துக்குவோம்."

"சரிண்ணே. நீங்களே வந்து எங்க பொம்பளைங்ககிட்ட சொல்லிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்படின்னா நாளைக்கு நீங்களே பேசுங்க."

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மறுநாள் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

மனிதவள மேலாளர் நம்மவர்தான். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் என் முறை வந்ததும் தமிழுக்கு மாறினார்.

"சும்மா நின்னு கேக்கறதுதானே சிஸ்டர்? அது எப்படி வேலையாகும்?"

"அப்படின்னா நாளையிலேர்ந்து நாங்க வரலன்னாலும் பரவாயில்லையா சார்?"

"அது எப்படி? கண்டிப்பா வரணும். வரலன்னா வார்னிங் லெட்டர்தான்."

"வார்னிங் குடுப்பீங்கன்னா அது வேலைதானே சார்?"

செயலாளர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

அன்றே முடிந்துவிடவில்லை. இன்னும் பல கூட்டங்கள் நடந்தன. போனஸில் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. சில ஆண்களுக்கு அதில் என்மேல் வருத்தம்கூட உண்டு. ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எங்கள் கோரிக்கையும் ஒரு வரியாக இருந்தது.

அது நடைமுறைக்கு வந்த காலை, முதலில் தம்ப், பிறகுதான் பிரீஃபிங். இயந்திரத்தின் முன் நீண்ட வரிசை. நேப்பாளத்துப் பெண் ஒருத்தி மட்டும் ஒதுங்கி நின்றாள். இது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டாள் போலும். தனக்கும் உண்டா என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

"செமுவா ஓராங்," என்றேன். எல்லாருக்கும்தான்.

அவளை எனக்கு முன்னால் நிற்கவைத்தேன். கடைசி ஆள் விரல் வைக்கும்வரை சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசுக்காகக்கூட நான் மேடை ஏறியதில்லை. அன்று அந்த வரிசையில் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.