உள்ளங்கை நீலம்

நான் ஓடாமலே ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவன். அதற்கான தண்டனையை என் அக்கா வாங்கிக்கொண்டாள்.

கடம்பத்தூர் பக்கம் எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயம் அது. பள்ளியிலிருந்து ரயில்வே கேட் வரை ஓடித் திரும்ப வேண்டும். கேட்டைத் தொட்டதற்குச் சாட்சியாக, அங்கே நிற்கும் வாலண்டியர் சொட்டு நீலத்தால் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைப்பார். அந்த வருடம் பத்தாவது படித்த அக்காதான் வாலண்டியர். ஒழுங்காகச் செய்தால் திருவள்ளூரில் நடக்கும் பெரிய போட்டிக்கும் அழைத்துப்போவதாக டிரில் மாஸ்டர் சொல்லியிருந்தார். தாவணியில் பேட்ஜைக் குத்திக்கொண்டு, தானும் டிரில் டீச்சராகப் போவதாக வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அவள் கரைத்து வைத்திருந்த நீலத்தில் ஒரு துணியை நனைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விசில் ஊதியதும் தெருவே புழுதியாகக் கிளம்பியது. பாதி வழியில் எங்கள் கழனி. கால் இடறியவன்போல் ஒதுங்கி, பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கினேன். நெஞ்சு படபடத்தது பயத்தால் அல்ல, கொண்டாட்டத்தால். துணியைப் பிழிந்து பொட்டு வைத்தேன். தூரத்தில் தெரிந்த கேட்டில் அக்கா ஒற்றை ஆளாக, ரயிலுக்கு நின்ற வண்டிகளுக்கு நடுவே, ஒரே நேரத்தில் நீண்ட அத்தனை கைகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வருபவர்களில் முதல் தலை தெரிந்ததும் நான் பாய்ந்தேன். பள்ளி வாசலில் ஒரே கூச்சல். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிவிட்டார்.

இரண்டாவதாக வந்த பையன் மூச்சு வாங்கினான். "சார், இவன கேட்டாண்ட பாக்கவே இல்ல சார்."

அக்கா சைக்கிளில் வந்து இறங்கினாள். முழங்கை வரை நீலம். மாஸ்டர் ஒரு கையில் பிரம்போடு, மறு கையால் என் உள்ளங்கையை அவளுக்கு விரித்துக் காட்டினார்.

"இது நீ வெச்சதா?"

அவள் பொட்டைப் பார்த்தாள். பிறகு நீலம் ஊறியிருந்த என் பையைப் பார்த்தாள். நகர்ந்து வந்து, அதை மறைத்தபடி நின்றாள்.

"ஊட்லயே வெச்சி அனுப்பிட்டேன் சார். எம்மேலதான் தப்பு."

மாஸ்டர் பிரம்பைத் தாழ்த்தினார். "உன்ன நம்பி நிக்க வெச்சேன் பாரு" என்று பேட்ஜைக் கழற்றித் தரச் சொன்னார்.

முதல் பரிசான எவர்சில்வர் தட்டு இரண்டாமவனுக்குப் போனது. திருவள்ளூருக்கு வேறொருத்தி போனாள். அக்காவை அதன்பின் மைதானத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. நானோ தட்டு போன கோபத்தில் அவளோடு பேசவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிப் பரிசைக் கெடுத்தாளே, இவ்வளவு அசடா என்றுதான் எனக்குப் பட்டது. அவள் ஏன் என்னை ஒட்டி நின்றாள் என்று யோசிக்கவே இல்லை.

தலை நரைத்த பிறகு, போன ஆண்டுதான், பள்ளி மேடையேறி எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன். இந்த ஆண்டு அவளை அதே கேட்டில் நிற்க அழைத்தார்கள். வந்தாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள்.

"தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் வெப்பேன். டேய் செவப்பு பனியன், கைய மூடாத, கலைஞ்சிடும். ஓடு, ஓடு, பின்னாடி ஆள் வந்துகினு இருக்கான்."

எனக்கே ஓட வேண்டும்போல் இருந்தது. கடைசிப் பையனும் போன பிறகு, நானும் என் உள்ளங்கையை நீட்டினேன். அக்கா அதைப் பார்த்தாள்.

"நீ இன்னும் ஓடவே இல்லியேடா" என்று பாட்டிலை மூடினாள்.