சீனி இறங்கினாலும் நடுக்கம், பயந்தாலும் நடுக்கம்

இலங்கையில் போர் முடிந்துவிட்டதாம். போன வாரம் டிவி அப்படித்தான் சொன்னது. முடிந்தது சரி... உள்ளே அகப்பட்டிருந்த சனங்கள் எங்கே?

என் கணவரின் அக்கா போர் நடந்த வன்னியில் இருந்தார். பல மாதங்களாக ஒரு தகவலும் இல்லை. இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட்டில் எங்கள் வீட்டில் டிவி நிற்காமல் ஓடும். இவர் போனை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் இருப்பார். சாப்பாடு இறங்காது.

அன்று பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தபோது இவருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. போனைப் பிடித்தபடி ஏதோ சொல்ல முயன்றார் — நாக்குக் குழறியது.

“இஞ்சாருங்கோ, ஆர் எடுத்தது? அக்காவுக்கு என்ன?”

செய்தி வந்துவிட்டது, இவரால் சொல்ல முடியவில்லை — வேறென்ன நினைப்பேன்? பக்கத்து வீட்டு மலரக்கா வந்தார், இவர் முகத்தைப் பார்த்தார், குரலெடுத்து அழத் தொடங்கிவிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். உயிரோடு இருக்கும் மனுஷனைச் சுற்றி ஒரு செத்தவீடே நடந்தது.

இவர் கதிரையிலிருந்து சரிந்தபோதுதான் ஆம்புலன்ஸ் நினைவு வந்தது. அதில் வந்தவர் முதல் வேலையாக விரலில் குத்திப் பார்த்தார். இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்.

கண் திறந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்து மிரண்டுபோனார். “ஏன் அழுறியள்? அக்காவைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?”

போன் வந்திருக்கவேயில்லை.

இவருக்கு டைப் டூ சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. டெனிஷ் டொக்டர் தந்த குளிசை ஒரு பக்கம். கோபன்ஹேகனில் ஒரு சீன வைத்தியர் கொடுத்த மூலிகை உருண்டை மறுபக்கம். நம் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு வைத்தியமும் செய்வோம். ஒருவரிடம் மற்றவரைப் பற்றி மூச்சு விடமாட்டோம்.

“ஏனப்பா அங்க போனனீங்கள்?” ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

“அந்த ஆள் நாடியைப் பிடிச்சுக்கொண்டு, நித்திரை வருதோ எண்டு கேட்டார். எங்கட டொக்டர் சீனி நம்பரைத்தானே பாக்கிறார்.”

ஆஸ்பத்திரி டொக்டர் உருண்டையைப் புரட்டிப் பார்த்தார். பெயர் விவரம் இல்லாத இப்படிச் சிலவற்றில் சீனியைக் குறைக்கும் இங்கிலீஷ் மருந்தையே கலந்திருப்பார்களாம். இதில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்தால்தான் தெரியுமாம். போதாததற்குப் பட்டினி வேறு. இனி நடுக்கம் கண்டால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், சீனி குறைந்திருந்தால் தண்ணீரில் சீனி கரைத்துக் கொடுங்கள் என்றார்.

சீன வைத்தியம் எல்லாமே மோசம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒருவர் குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதித் தருகிறார், மனுஷனுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. மற்றவர் அதைக் கேட்கிறார், உருண்டைக்குள் இருப்பதைச் சொல்வதில்லை. நடுவில் கிடந்து இவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

நேற்று டிவியில், வன்னியிலிருந்து வந்து முகாம் முள்வேலிக்குள் நின்ற சனங்களைக் காட்டினார்கள். இவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். வேர்த்தது, கை நடுங்கியது. நான் ஓடிப்போய்ச் சீனி பார்க்கும் மீட்டரை எடுத்து விரலில் குத்தினேன்.

சீனி சரியாகத்தான் இருந்தது... இந்த நடுக்கத்துக்கு நான் எதைக் கரைத்துக் கொடுப்பது?