எந்தக் கால் முதலில்

இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முழங்கால்களில் வைத்துப் பார்க்கிறார் அக்கம்மாள். வலது குளிர்ந்திருக்கிறது, இடது சுடுகிறது. கம்பம் ஊரில் காலை ஐந்தரைக்கு, தோட்டத்து ஜீப் வரும்வரை, அவருக்கு இதுதான் வேலை. "அடுப்பு எரியுது" என்று கையை எடுத்துக்கொள்கிறார்.

வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கிறார். ஏலம் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தபடியே நகர வேண்டும்.

ஆறு வருடமாக இந்த முழங்கால் வலிக்கு எல்லோரும் அவரிடம் சொன்னது ஒரே வார்த்தை: தேய்மானம். "செருப்புத் தேயுற மாதிரின்னாக. சரி. தேஞ்ச செருப்பு சுடுமாக்கும்?" நியாயமான கேள்வி; அவர் சொல்லக் கேட்ட எனக்கே ஆத்திரம் வந்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையில் மூட்டு வீக்கம் வற்றியது, முகம் உப்பியது. தெருவில், "நல்லாத் தேறிட்டியே" என்றார்கள்.

போன மாசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷீபாதான் முதன்முதலாக முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். மூட்டுக் குருத்தெலும்பிலிருந்து உதிர்ந்த தூளை அகற்றப் போன உடம்பின் சொந்தக் காவல் அணுக்கள், திரும்பாமல் உள்ளேயே தங்கி, அழற்சியைக் கிளப்பி, மிச்சத்தையும் அரிக்கின்றன என்றார். ஊசி போட்டால் சில வாரம் அடங்கும். அடியோடு நிறுத்த மருந்து இன்னும் வரவில்லை. அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, அதை மெல்ல மெல்ல விட வேண்டும். குத்தவைக்கக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முன்னே.

"காவலுக்கு வந்தவுகளே வீட்டக் கொளுத்துறாகளாம்" என்று அக்கம்மாள் சிரித்தார். "குத்தவைக்காமக் காய் எடுக்க எங்கன தோட்டம் இருக்குன்னு கேட்டேன். அந்தம்மா பேனாவ மூடிட்டாக."

வீட்டுப் படியில் டாக்டர் சொன்னபடியே வலது காலை முன்வைத்து ஏறுகிறார். ஜீப்பில் அது நடக்காது. ஆள் ஏற்றும் லிங்கேஸ்வரன் பின்படியருகே நின்று எல்லோருடைய காலையும் பார்க்கிறார். நோகும் காலைக் காப்பாற்றி, நல்ல காலை முன்வைத்து ஏறுகிறவருக்கு மறுநாள் இடமில்லை. போன மாதம் கூடக் காய் எடுத்த பாண்டியம்மாள் அப்படித்தான் வீட்டோடு நின்றார்.

ஹாரன் கேட்கிறது. அக்கம்மாள் இடது முழங்காலைத் தட்டி, "ஏலே, மானத்த வாங்கிராத" என்கிறார். சேலையைத் தூக்கிச் செருகுகிறார். லிங்கேஸ்வரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சுடுகிற காலை முதலில் படியில் வைக்கிறார்.