பவர் குறைந்த மிஷின்

கோரமங்களா ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த கேம் கன்சோலின் பின்னாலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. நான் வளர்ந்த அடுகோடியில் லேத் பட்டறைக்குப் பக்கத்தில், இப்போது அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில், மேரி ஆன்ட்டி தன் வீட்டு முன்னறையில் நடத்திய கேம் கடை இப்படித்தான் மணக்கும். அங்கிருந்த ஒரே மிஷினுக்குப் பவர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆட்கள் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள், லேத் ஓடினால் டிவியில் கோடு விழும், டேபிள் ஃபேன் மிஷினைப் பார்த்தே சுற்றும்.

"உங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்டா, அதுக்கு வேர்த்தா என் கடையே போச்சு" என்பார் ஆன்ட்டி. தனியாகப் போனால் மிஷினைப் போடவே மாட்டார். "ஜோடி எங்கடா? போய் யாரையாச்சும் இட்டுக்கினு வா" என்று துரத்துவார். அப்படித் தெருவிலிருந்து இழுத்து வந்தவர்கள்தான் என் சிநேகிதர்கள்.

வீட்டில் முதலில் படித்து வேலைக்குப் போனவன் நான். முதல் போனஸில் தங்கையோடு ஆட ஒன்று வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

"பவர் பாருங்க சார், பழசைவிட டபுள்" என்றார் விற்பனையாளர்.

பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்.

"இன்னொண்ணு தனியா வாங்கணும் சார்."

என்ன அநியாயம் இது! இவ்வளவு பவர், இவ்வளவு விலை. பக்கத்தில் நிற்கிற என் தங்கையை மட்டும் இவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.